ஒச்சாண்டி மெக்கானிக்கின் முக்கால் மணி நேரம்

கம்பத்தில் அந்தக் காலத்தில் கார் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தக் கார்களின் அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவரை எண்ண ஒரு விரலே போதும். உத்தமபாளையம் போகிற ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் தகரக் கொட்டகை போட்டிருந்த ஒச்சாண்டிதான் அவர். பெயின்ட், மெத்தை, ஹாரன் பற்றியெல்லாம் கேட்டால் வாயைத் திறக்க மாட்டார். "மேல இருக்கிறத நீங்க பாத்துக்கங்க, கீழ இருக்கிறத நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கோரைப்பாயை விரித்து வண்டிக்கு அடியில் போய்விடுவார்.

வேலை சுத்தம், ஆள் மெதுவு. மாடு பிடிக்கப் போனவன் சுழி பார்க்கிற மாதிரி ஒரு நட்டை நாலு தடவை பார்ப்பார். கடைவீதியில் அவரைக் கேலி பேசாத வாய் கிடையாது. "பொண்ணு பாக்கப் போறதுக்கு ஒச்சாண்டிகிட்ட வண்டியக் குடுத்தா, புள்ளைக்குக் காது குத்தத்தான் திரும்பி வரும்" என்பார்கள். அவர் காதில் விழுந்தால் அவரும் சிரித்துக்கொள்வார்.

சோம்பேறித்தனம் என்று நினைத்தவர்களுக்கு அவரைத் தெரியாது. அது பயம். ஒச்சாண்டி பிறந்த சாதி முழுவதையும் பிறவித் திருடர்கள் என்று சர்க்கார் எழுதி வைத்திருந்த காலம் அது. ரேகைச் சட்டம் என்பார்கள். மீசை அரும்பிய ஆண்பிள்ளை ஒவ்வொருவனும் பத்து விரலையும் மையில் தோய்த்துப் பதிந்து கொடுக்க வேண்டும். ஊர் எல்லையைத் தாண்டுவதானால் எங்கே போகிறேன், எதற்குப் போகிறேன், எப்போது திரும்புவேன் என்று சொல்லி ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு இல்லாமல் அடுத்த ஊரில் நின்று தண்ணீர் குடித்தாலே குற்றம். ஒச்சாண்டி தன் ஆயுசில் ஒரு வெற்றிலைக் காம்பைக்கூடத் திருடியவர் இல்லை. அதை யார் கேட்டார்கள்? வேறொரு மெக்கானிக் இறுக்கிய நட்டு கழன்றால் அது தேய்மானம். ஒச்சாண்டி இறுக்கிய நட்டு கழன்றால் அது களவாணித்தனம். இப்படி ஒரு நியாயத்தை உட்கார்ந்து எழுதிய மகராசன்கள் நன்றாக இருக்கட்டும், வேறென்ன சொல்ல.

முப்பத்தாறாம் வருடம் அந்த நியாயம் அவர் கொட்டகைக்கே வந்தது. ஒரு பஸ்ஸின் ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி, பட்டை முனையில் இருக்கிற கண்ணில் புது ரப்பர் புஷ் போட்டுக் கொடுத்தார். புஷ் என்பது பெரிய சங்கதி இல்லை. உள்ளே ஓர் இரும்புக் குழல், வெளியே ஓர் இரும்புக் குழல், இரண்டுக்கும் நடுவே கெட்டி ரப்பர். சக்கரம் மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கும்போது இரும்பும் இரும்பும் மோதிக்கொள்ளாமல் நடுவில் இருந்து அடி வாங்குவது அந்த ரப்பர்தான். ஒச்சாண்டி பஸ்ஸை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் அந்தரத்தில் தொங்கியபடி இருக்க, சௌகரியமாக உட்கார்ந்து நட்டுகளை இறுக்கி அனுப்பினார். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாதம் ரப்பர் துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து கொட்டியது.

பஸ் முதலாளி கொட்டகைக்கு வரவில்லை, நேரே ஸ்டேஷனுக்குப் போனார். புது ரப்பரை விற்றுத் தின்றுவிட்டுப் பழசைப் போட்டுவிட்டான் என்று புகார். ஒச்சாண்டியை இரண்டு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். அங்கே என்ன நடந்தது என்று அவர் வீட்டில்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவருடைய இடது கைச் சுண்டுவிரல் மடங்குவதில்லை, அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் அந்தப் பிய்ந்த ரப்பரைக் கெஞ்சி வாங்கி வந்து, நாள் முழுக்கக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரே பக்கமாக முறுக்கிக் கிழிந்திருந்தது. அப்போதுதான் விளங்கியது. சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் உள் குழல் அந்த நிலையிலேயே கவ்விக்கொள்கிறது. வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கேறுகிறது. ஓடாமல் சும்மா நின்றாலும் முறுக்கு விடுவதில்லை. ஈரத் துண்டைப் பிழிந்து, பிழிந்தபடியே கட்டி வைத்தால் நூல் எத்தனை நாள் தாங்கும்? ஆகவே வண்டி தரையில் நிற்க வேண்டும், ஆள் ஏற வேண்டும், பாரம் இறங்கி ஸ்பிரிங் அமர வேண்டும். அதற்குப் பிறகுதான் நட்டை இறுக்க வேண்டும். இதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மடங்காத சுண்டுவிரல்தான் சொல்லிக் கொடுத்தது.

அன்றிலிருந்து, தலை போகிற அவசரமானாலும் பாரம் ஏற்றாமல் ஒரு நட்டை இறுக்கியதில்லை. குறைந்தது நாலு ஆள் உட்கார வேண்டும். ரோட்டில் போகிறவர் வருகிறவரையெல்லாம் கும்பிட்டுக் கூப்பிடுவார். "செத்த நேரம் சும்மா உக்காருங்கப்பா, ஒங்க புண்ணியமாப் போகுது." சந்தைக்குப் போகிறவன் மூட்டையோடு ஏறி உட்கார்ந்து, மகாராஜா மாதிரி வெற்றிலை போட்டுக்கொள்வான். ஆனால் எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்து பின் சீட்டின் நட்டநடுவே இடம் பிடிப்பது பஞ்சம்மாள்.

ஒச்சாண்டிக்கும் ராக்கம்மாளுக்கும் பிறந்து தங்கிய ஒரே பிள்ளை அவள். கம்பத்துக்கு வந்த கார்களில் அவள் ஏறி உட்காராத கார் கிடையாது. அவற்றில் ஒன்றிலாவது பத்தடி தூரம் போனதும் கிடையாது. அடியில் அப்பன் ஸ்பானரைத் திருகத் திருக, மேலே மகள் மெத்தையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வண்டிக்காரர்கள் யாராவது, "என்ன புள்ள, ஒங்கய்யா இன்னும் முடிக்கலையா?" என்று சலித்துக்கொண்டால், "எங்கய்யா அப்பிடித்தான்" என்பாள். சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பாள். அது பெருமையா கேலியா என்று ஒச்சாண்டிக்குக் கடைசி வரை பிடிபட்டதில்லை. பிடிபடாததனாலேயே அவருக்கு அந்தச் சொல்லை அவ்வளவு பிடிக்கும்.

அவளை ஜெயமங்கலத்தில் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை கர்ணன் நெல்லும் வாழையும் போடுகிற சம்சாரி, முரட்டு உழைப்பாளி, நல்லவன். மகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் ஒச்சாண்டி சீட்டு வாங்கினார். "எதுக்குப் போற?" என்று கேட்பார்கள். "மக வீட்டுக்கு" என்பார். கேட்டவர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். நாற்பத்து மூன்றாம் வருடம் பஞ்சம்மாள் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தாள். வாயும் வயிறுமாக வந்து நின்ற மகளைப் பார்த்து ராக்கம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. "இனி எங்கய்யா சீட்டு வாங்க வேண்டாம், நான் இங்கனயே இருக்கேன்" என்று பஞ்சம்மாள் சிரித்தாள்.

அந்தச் சித்திரையில்தான் பொன்னுராஜ் முதலாளியின் கார் கொட்டகைக்கு வந்தது. பொன்னுராஜ் தேனி பஜாரில் ஏலக்காய் மொத்த வியாபாரம் செய்த வேதக்காரர். வாரத்துக்கு இரண்டு தடவை குமுளி மலை ஏறி இறங்குகிறவர். கார் புதுத் தினுசு. முன் சக்கரங்களுக்குப் பட்டை கிடையாது. ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு இரும்புக் கைகள் பிடித்துக்கொண்டிருக்கும், நடுவே சுருள் ஸ்பிரிங். கைகள் காரின் அடிச்சட்டத்தோடு சேருகிற மூட்டுகளில் ரப்பர் புஷ். மலை ரோட்டுப் பள்ளங்களில் விழுந்து விழுந்து கைகள் வளைந்து, புஷ்கள் தேய்ந்து, முன்பக்கம் உரல் இடிக்கிற சத்தம் கேட்டது. உலகச் சண்டைக் காலம், ரப்பர் தங்கத்தைவிட அரிது. சென்னைப்பட்டணத்துக்கு எழுதிப் போட்டு மூன்று மாதம் காத்திருந்து புதுக் கைகளையும் புஷ்களையும் வரவழைத்திருந்தார் பொன்னுராஜ். காரையும் டிரைவர் அய்யாத்துரையையும் கொட்டகையில் விட்டுவிட்டு, "ஒன் இஷ்டத்துக்கு நிதானமாப் பண்ணு ஒச்சாண்டி, அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போனார்.

அது வீரபாண்டித் திருவிழா வாரம். கௌமாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுக்கவும் கூட்டம் பார்க்கவும் கம்பமே காலி. வில்வண்டி, மொட்டை வண்டி, பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடுகிற இரண்டு பஸ் எல்லாம் வீரபாண்டிக்குப் போய்விட்டன. செவ்வாய்க்கிழமை காலையில் அந்த ரோட்டில் நாய்கூட இல்லை. கொட்டகையில் கார் கட்டைகளின் மேல் நின்றது. இடது பக்கத்துக் கைகள் ஏறிவிட்டன, நட்டு மட்டும் இறுக்கவில்லை. வலது பக்கத்துக் கைகளும் ஸ்பிரிங்கும் தரையில் சாக்கின் மேல் கிடந்தன.

ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டுச் சுப்புத்தாய் ஓடி வந்தாள். பஞ்சம்மாளுக்கு விடியற்காலையிலேயே வலி கண்டிருந்தது. மருத்துவச்சி மலையம்மாள் உடனிருந்ததால் ஒச்சாண்டி நம்பிக்கையாக வேலைக்கு வந்திருந்தார்.

"அண்ணே, புள்ள குறுக்க கெடக்குதாம். கையி வெளிய வந்திருச்சு. தன்னால ஆகாது, பெரியகுளத்து டாக்டரம்மாகிட்டக் கொண்டு போங்கன்னு மலையம்மா சொல்லிருச்சு. ஒடனே போகணுமாம்."

பெரியகுளம் முப்பத்தைந்து மைல். ஊரில் ஒரு வண்டி இல்லை. இருக்கிற ஒரே வண்டி ஒரு பக்கம் கை இல்லாமல் கட்டையின் மேல் நிற்கிறது. ஒச்சாண்டி அய்யாத்துரையைப் பார்த்தார்.

"மொதலாளியக் கேக்காம எப்பிடி..." என்று ஒச்சாண்டியே இழுத்தார்.

"இதுக்கு வண்டி குடுக்கலைன்னா அவுக ஞாயித்துக்கிழம கோயிலுக்குப் போயி என்ன புண்ணியம்? நீங்க வேலையப் பாருங்கண்ணே. பெட்ரோல் போதும்" என்றான் அய்யாத்துரை.

அன்று ஒச்சாண்டி மெதுவான ஆள் இல்லை. கீழ்க்கையைப் போல்ட்டில் கோத்து, சுருள் ஸ்பிரிங்கைக் குழியில் உட்கார வைத்து, ஜாக்கியால் கையை மேலே தூக்கித் தூக்கி ஸ்பிரிங்கை நசுக்கினார். நழுவினால் ஆளையே அடித்துப் போடுகிற ஸ்பிரிங் அது. அய்யாத்துரை பயந்து தள்ளி நின்றான். ஒச்சாண்டி முகத்தை நகர்த்தவே இல்லை. மேல்கையை ஏற்றினார், சக்கரத்தின் முட்டியோடு சேர்த்தார், பிரேக்கை மாட்டினார். நடுவில் சுப்புத்தாய் இரண்டு தடவை வந்து நின்றாள். இரண்டு தடவையும், "இந்தா ஆச்சு, இந்தா ஆச்சுன்னு சொல்லு தாயி" என்று நிமிராமலே சொன்னார். தொண்டை வறண்டு இருமல் வந்தது. தண்ணீர்ப் பானை எட்டுகிற தூரத்தில் இருந்தும் எழுந்திருக்கவில்லை.

பதினொன்றரை மணிக்குச் சக்கரம் மாட்டியாயிற்று. பாக்கி இருந்தது, இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு நட்டுகளை இறுக்குவது மட்டும்தான்.

அய்யாத்துரை சொன்னான்: "அண்ணே, இப்பிடித் தொங்கலிலேயே இறுக்கி விட்ருங்க. அஞ்சு நிமிசம். போயிட்டு வந்து நாளைக்குத் தளத்தி, பாரம் ஏத்தி, ஒங்க பாட்டுக்கு மறுபடி இறுக்கிக்கங்க."

ஒச்சாண்டி அதைக் கேட்டார். கேட்டது பிறகும் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அந்த நேரத்தில் தன் மனதில் என்ன ஓடியது என்று எத்தனையோ நாள் தோண்டிப் பார்த்திருக்கிறார். ஒன்றும் ஓடவில்லை என்பதுதான் உண்மை. "பாரம் எறங்காம இறுக்கக் கூடாதுப்பா" என்று வாய் சொன்னது. கை தன்பாட்டுக்கு ஜாக்கியை இறக்கியது. ஏழு வருடமாக ஸ்டேஷன் பயம் பழக்கிய கை. மகள் உயிருக்குப் போராடுகிறாள் என்று அந்தக் கைக்குத் தெரியாது.

பாரத்துக்குக் கூப்பிட ரோட்டில் ஆள் இல்லை. எதிரே நெல்லுக் கிட்டங்கி பூட்டிக் கிடந்தது. பட்டறைக் கல்லைத் தூக்கி வந்து பின்னால் வைத்தார். பழைய இரும்புச் சாக்கை இழுத்து வந்தார். அதுவும் காணாமல், வாய்க்கால் கரையில் மணலை அள்ளி நாலு சாக்கில் கட்டி, இரண்டு பேருமாகச் சுமந்து சீட்டுகளில் வைத்தார்கள். மெத்தை பாழாகக் கூடாது என்று அடியில் துண்டை விரிக்கவும் அவர் மறக்கவில்லை. காரை முன்னும் பின்னும் தள்ளி ஸ்பிரிங்கை அமர வைத்தார்கள். பாயை விரித்து அடியில் போய், ஒவ்வொரு நட்டாக எட்டையும் இறுக்கி, கழலாதபடி கம்பி ஊசி செருகி மடக்கினார். பிறகு மணலை இறக்க வேண்டியிருந்தது. எல்லாம் முடிந்தபோது பன்னிரண்டேகால். முக்கால் மணி நேரம்.

வீட்டு வாசலில் கார் நின்றதும் பஞ்சம்மாளை நாலு பெண்கள் பாயோடு தூக்கி வந்தார்கள். முகம் வெளுத்துக் கிடந்தது. பின் சீட்டில் கிடத்தியதும் கண்ணைத் திறந்து மேலே கூரைத் துணியைப் பார்த்தாள், பிறகு அப்பனைப் பார்த்தாள்.

"பாரத்துக்காய்யா?" என்றாள்.

"இல்லத்தா. இன்னைக்கு நீ ஊருக்குப் போற" என்றார் ஒச்சாண்டி.

ராக்கம்மாளும் மலையம்மாளும் ஏறிக்கொண்டார்கள். ஒச்சாண்டி ஏறவில்லை. ராதாரிச் சீட்டு இல்லை. எழுதிக் கொடுக்கிற ஏட்டு வீரபாண்டிக்குப் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். வழியெல்லாம் போலீஸ் நிற்கிற நாள். சீட்டில்லாத ரேகைக்காரன் காரில் இருந்தால் கார் நிற்கும், மகளும் நிற்பாள். அதனால் தெருவில் நின்று கதவைச் சாத்தினார். கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

கார் போன பிறகு கொட்டகைக்கு வந்து ஸ்பானர்களைத் துடைத்தார். மணலைக் கொண்டு போய் வாய்க்கால் கரையிலேயே கொட்டினார். செய்ய ஒன்றும் இல்லாமல் போனதும் ரோட்டோரம் குந்திக்கொண்டார். பொழுது இறங்குகிற நேரத்தில் கார் வருவது முதலில் காதில்தான் பட்டது. முன்பக்கம் ஒரு முனகல் இல்லை, ஒரு தட்டல் இல்லை. வேலை நன்றாக அமைந்திருக்கிறது என்று அந்தப் பாழும் காது நினைத்தது. அதற்குப் பிறகுதான் ராக்கம்மாளின் அழுகை கேட்டது.

தேனியைத் தாண்டி லட்சுமிபுரத்துக்குப் பக்கத்தில் பஞ்சம்மாள் போய்விட்டாள். பிள்ளையும் வயிற்றோடு போயிற்று. பெரியகுளத்துக்கு இன்னும் ஐந்தாறு மைல் பாக்கி.

அய்யாத்துரை ஒச்சாண்டியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "வீரபாண்டியில அடைச்சுருச்சுண்ணே. ரோடு கொள்ளாத சனம். நகர முடியல. நாங்க போறதுக்கு அரை மணி நேரம் முந்தித்தான் கூட்டம் ரோட்டுக்கு ஏறுச்சாம்."

ராக்கம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே புருஷனுக்கு ஆறுதல் சொல்கிறவள் மாதிரி, "வண்டி அலுங்கவே இல்லீங்க. ஒரு பள்ளத்துலகூட எம்புள்ளைக்கு வலிக்கல" என்றாள். ஒச்சாண்டி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அவருக்கு அழ வரவில்லை.

அன்று முதல் அவருக்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்தது. தொங்கலில் இறுக்கிய புஷ் அன்றைக்கே பிய்யாது. அது அவரைவிட நன்றாகத் தெரிந்த ஆள் அந்த ஜில்லாவில் இல்லை. ஒரு மாதம் தாங்கும், நல்ல ரப்பராக இருந்தால் இரண்டு மாதமும் தாங்கும். மகளுக்கு வேண்டியிருந்தது முப்பத்தைந்து மைல். பதினொன்றரைக்கு ஐந்து நிமிடத்தில் இறுக்கி அனுப்பியிருந்தால், வீரபாண்டியில் கூட்டம் ஏறுவதற்குள் கார் அந்த ஊரைத் தாண்டியிருக்கும். தாண்டியிருந்தால் பிழைத்திருப்பாளா? அது தெய்வத்துக்குத் தெரியும். தாண்டவில்லை என்பது ஒச்சாண்டிக்குத் தெரியும். தவறாக ஒரு வேலையைச் செய்யச் சொல்லி விதி ஒரே ஒரு நாள் கேட்டது, அன்றைக்கும் அவர் சரியாகவே செய்து தொலைத்தார்.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் ராக்கம்மாள். அவளோ எழவுக்கு வந்தவர்களிடமெல்லாம், "பச்சத் தண்ணி பல்லுல படாம வண்டியச் சரி பண்ணி விட்டாக. அவுக மேல ஒரு குத்தமும் இல்ல, எங்க தலையெழுத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்ட பிறகு எப்படி வாயைத் திறப்பது? நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி வருடங்கள் போயின. விஷயம் தெரிந்த அய்யாத்துரை மறு வருடம் பட்டாளத்து லாரி ஓட்டப் போனான். அவனிடமிருந்து ஒரு கடுதாசியும் இல்லை.

வேலையை விடவில்லை, விட்டால் கஞ்சிக்கு வழி ஏது. புஷ் போடுகிற வேலை வந்தால் அதே மாதிரி வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் ஏற்றித்தான் இறுக்கினார். ஆனால் ரோட்டில் போகிற ஆட்களைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். கல்லையும் மணலையும் தானே சுமந்து ஏற்றினார். பின் சீட்டின் நடுவில் மட்டும் எதையும் வைப்பதில்லை.

வருடத்துக்கு ஒரு தடவை பொன்னுராஜ் கிரீஸ் வைக்க வருவார். மனசார ஒரே வார்த்தையைச் சொல்வார்: "முன்பக்கம் மூச்சுச் சத்தம் இல்ல ஒச்சாண்டி. தேனியில எல்லாருகிட்டயும் ஒன் பேரத்தான் சொல்றேன்." அவர் நல்ல மனிதர். அன்று காரை எடுத்ததற்கு ஒரு வார்த்தை கேட்காதவர், துக்கத்துக்கும் வந்துவிட்டுப் போனவர். ஒவ்வொரு வருடமும் அந்தப் பாராட்டு ஒச்சாண்டியின் நெஞ்சில் போய் எங்கே இறங்கியது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நாற்பத்தேழில் ரேகைச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். கம்பத்தில் கொட்டடித்தார்கள், வெடி போட்டார்கள். கிழவர்கள் தங்கள் பத்து விரலையும் விரித்து ஒருவருக்கொருவர் காட்டிச் சிரித்தார்கள். ஒச்சாண்டியும் போய் ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்தார். நாலு வருடம் முந்தி எடுத்திருக்கக் கூடாதா என்று மட்டும் தோன்றியது.

அந்த ஆவணியில் கர்ணன் ஆள் அனுப்பினான். மறு கல்யாணம் செய்து பிறந்த பிள்ளைக்குக் காது குத்து, நீங்கள் இரண்டு பேரும் வராமல் நடக்காது என்று. அன்றைக்குப் பொன்னுராஜ் தானே காரை ஓட்டிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்து கொட்டகையில் நின்றார். விஷயம் தெரிந்ததும் விடவில்லை. "ஏறுங்க ரெண்டு பேரும். ஜெயமங்கலத்துல விட்டுட்டு நான் தேனிக்குத் திரும்பிக்கிறேன். இனி ஒன்ன எவன் சீட்டுக் கேப்பான், பாப்போம்" என்று ஒச்சாண்டியை முன் சீட்டில் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். ராக்கம்மாள் பின்னால் ஏறி, ஜன்னலோரமாக ஒடுங்கிக்கொண்டாள். அதே கார். முப்பது வருடமாகக் கார் வேலை பார்த்த மனிதர் ஊர் எல்லையைத் தாண்டிக் காரில் போனது அதுதான் முதல் தடவை.

சின்னமனூர் போயிற்று, வீரபாண்டி போயிற்று. கோயில் வாசலில் ரோடு வெறிச்சென்று கிடந்தது, ஒரு நிமிடத்தில் தாண்டிவிட்டார்கள். தேனியும் போயிற்று. பொன்னுராஜ் உற்சாகமாகப் பேசிக்கொண்டே வந்தார்.

"நாலு வருசம் ஆச்சு. இந்த ரோட்டுல ஒரு சத்தம் வருதா பாரு. அப்பிடி என்னதான் பண்ணுன?"

"பாரம் ஏத்தி இறுக்குனேன் மொதலாளி."

"தொங்கவிட்டே இறுக்கியிருந்தா?"

"ஒரு மாசம் ஓடியிருக்கும். அதுக்கப்புறம் பிஞ்சிருக்கும்."

பொன்னுராஜ் சிரித்தார். "ஒரே மாசம். பாத்தியா, அதுக்குத்தான் ஒன்கிட்ட வர்றது."

ஒச்சாண்டி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழியோரத்துப் புளியமரங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.

"பெரியகுளத்துக்கு ஒரு மாசம் வேண்டாம் மொதலாளி" என்றார். "அஞ்சு நிமிசத்துல இறுக்கி விட்டிருக்கலாம். நான்தான் முக்கா மணி நேரம் நிப்பாட்டி வச்சுட்டேன்."

பொன்னுராஜின் சிரிப்பு அப்படியே நின்றது. அவருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் காரின் வேகத்தைக் குறைத்தார். ஒச்சாண்டி பின்னால் திரும்பவில்லை. நாலு வருடம் மறைத்ததை ராக்கம்மாளின் முகத்தைப் பார்க்காமல், வேறொருவரிடம் சொல்வது போலச் சொல்லிவிட்ட கேவலம் அவரை அழுத்தியது. அவள் அலறுவாள், சட்டையைப் பிடிப்பாள் என்று காத்திருந்தார். பிடித்தால் நல்லது என்றும் இருந்தது.

"எனக்குத் தெரியும்" என்றாள் ராக்கம்மாள்.

ஒச்சாண்டி திரும்பாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு வீரபாண்டியில கூட்டத்துல நிக்கயில அய்யாத்துரை அழுதுட்டான். முக்கா மணி நேரம் முந்தியே கெளம்பியிருக்கலாம் ஆத்தா, அண்ணன் பாரம் ஏத்தாம விடமாட்டேன்னுட்டாகன்னு. அவளும் முழிச்சுக்கிட்டுத்தான் கெடந்தா. கேட்டா."

"கேட்டு?"

"எங்கய்யா அப்பிடித்தான்னா. அதுக்கப்புறம் பேசல."

ஒச்சாண்டி அப்போதுதான் திரும்பினார். "சிரிச்சாளா?" என்று கேட்டார்.

ராக்கம்மாள் பின் சீட்டின் நடுவில், மெத்தையின் மேல் கையை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். கார் லட்சுமிபுரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. முன்பக்கம் ஒரு சத்தமும் இல்லை.